ஆற்றங்கரை டிஸ்க் கோல்ஃப்: புதிதாக ஆட வருபவர்களுக்கு

தட்டு போன்ற பிளாஸ்டிக் டிஸ்க்கைக் கூடைக்குள் வீசிப் போடும் ஆட்டம் டிஸ்க் கோல்ஃப். அதன் மைதானங்கள் பல ஆற்றோரத்தில் இருப்பதற்குக் காரணம் ரொம்ப எளிது. வெள்ளம் ஏறும் தாழ்நிலத்தில் வீடு கட்ட முடியாது, அதனால் அது பூங்காவாகிறது. புல்லும் மரமும் வெள்ளத்தைத் தாங்கும், கம்பத்தில் பொருத்திய இரும்புக் கூடையும் தாங்கும். இப்படி உருவான மைதானத்தில் கரையை ஒட்டிய வெட்டவெளி கொஞ்சம், ஆற்றோர மரக்காடு கொஞ்சம் என இரண்டும் கலந்திருக்கும். வெளியில் காற்றும் தண்ணீரும் தொல்லை தரும். உள்ளே மரங்கள்.

புதிதாக வருபவர் பொதுவாகக் கூடையைப் பார்க்கிறார், பலம் கொண்ட மட்டும் வீசுகிறார். சமதளப் புல்வெளியில் அதனால் பெரிய கேடு இல்லை. ஆற்றங்கரையில் அப்படி ஆடினால் டிஸ்க் தண்ணீருக்குப் போகும், இல்லை புதருக்குப் போகும். இங்கே ஒவ்வொரு வீச்சுக்கு முன்பும் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த வீச்சு தவறினால் எந்தப் பக்கம் தவறலாம்? கீழே உள்ளவை பெரும்பாலும் அந்தக் கேள்விக்கான பதில்கள்தான்.

ஆட்டம் என்ன

டீ என்ற இடத்திலிருந்து வீசத் தொடங்கி, டிஸ்க் விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீசி, சங்கிலிகள் தொங்கும் கூடையில் அதைப் போட்டு முடிக்க வேண்டும். டீயிலிருந்து கூடை வரை உள்ள பகுதிக்கு ஹோல் என்று பெயர். மைதானத்தில் பொதுவாக 9 அல்லது 18 ஹோல்கள் இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்துக் குறைந்த வீச்சுகளில் முடிப்பவர் வெற்றியாளர். பெரும்பாலான ஹோல்களுக்குப் பார் 3. நன்றாக ஆடுபவர் மூன்று வீச்சில் முடிப்பார் என்று பொருள். புதியவர் ஐந்தில் முடித்தால் அன்றைக்கு அது நல்ல ஆட்டம்.

முறையான முதல் மைதானம் 1975-இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் அமைந்தது. அமைத்தவர் எட் ஹெட்ரிக். அடுத்த ஆண்டே தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கமான பிடிஜிஏவையும் அவர் தொடங்கினார். சங்கிலிக் கூடையும் அவர் கைவண்ணம்தான். இன்று எங்கு ஆடினாலும் விதி என்று சொல்லப்படுவது பிடிஜிஏ விதி. இந்தக் கட்டுரையில் வரும் விதிகளும் அவையே.

பையில் என்ன வேண்டும்

மூன்று டிஸ்க் போதும்: கூடைக்கு அருகில் போட ஒரு புட்டர், நடுத்தூரத்துக்கு ஒரு மிட்ரேஞ்ச், நீண்ட வீச்சுக்கு ஒரு ஃபேர்வே டிரைவர். கடைக்குப் போனால் கண்ணைப் பறிக்கும் வேக டிரைவர்கள் வரிசையாக இருக்கும். வாங்காதீர்கள். அவற்றுக்குத் தேவையான கைவேகம் புதியவருக்கு இருக்காது. அந்த வேகம் இல்லாமல் வீசினால், வலது கையால் பேக்ஹேண்ட், அதாவது மார்புக்குக் குறுக்கே பின்னிருந்து இழுத்து, வீசுபவரின் டிஸ்க் சீக்கிரமே இடப்பக்கம் சரிந்து விழும். இடப்பக்கம் ஆறு இருந்தால் கதை முடிந்தது.

பல டிஸ்க்குகளின் மேல் நான்கு எண்கள் அச்சிட்டிருக்கும். முதலாவது வேகம், அதாவது அந்த டிஸ்க் சரியாகப் பறக்க எவ்வளவு வேகமாக வீச வேண்டும் என்பது. இரண்டாவது கிளைடு, காற்றில் எவ்வளவு நேரம் மிதக்கும் என்பது. மூன்றாவது டர்ன். வலது கை பேக்ஹேண்டில் ஆரம்ப வேகத்தில் டிஸ்க் எவ்வளவு வலப்பக்கம் திரும்பும் என்பதை அது சொல்லும், எண் எதிர்மறையாகப் போகப் போகத் திருப்பம் கூடும். நான்காவது ஃபேட், வேகம் குறைந்தபின் இடப்பக்கம் எவ்வளவு இழுக்கும் என்பது. இடது கை பேக்ஹேண்டுக்கும், வலது கை ஃபோர்ஹேண்டுக்கும் (உள்ளங்கை முன்னே பார்க்கப் பக்கவாட்டிலிருந்து வீசுவது) திசைகள் அப்படியே தலைகீழாகும். புதியவர் வேகம் 7-ஐத் தாண்டாத, ஃபேட் 0 முதல் 2 வரை உள்ள டிஸ்க்குகளை எடுத்தால் நேராகப் பறக்கும் வாய்ப்பு அதிகம்.

எடையும் கவனிக்க வேண்டியது. விதிப்படி ஒரு சென்டிமீட்டர் விட்டத்துக்கு 8.3 கிராம்தான் உச்சவரம்பு. அதனால் 21 சென்டிமீட்டர் டிஸ்க் ஏறக்குறைய 174 கிராமில் நின்றுவிடும். தொடக்கத்தில் 150 முதல் 165 கிராம் வரை உள்ளவை கைக்குச் சுலபம். ஆனால் இலேசான டிஸ்க்கைக் காற்று அதிகம் அலைக்கழிக்கும். ஆகவே புட்டர் மட்டும் 170 கிராமை ஒட்டி இருக்கட்டும்.

நிறத்தை அழகுக்காகத் தேர்வு செய்ய வேண்டாம். பச்சை, பழுப்பு, கறுப்பு மூன்றும் காட்டில் காணாமல் போகும் நிறங்கள். சிவப்புகூடக் காய்ந்த சருகுக்குள் மறைந்துவிடும். அடர் இளஞ்சிவப்பு நல்லது, பளீர் ஆரஞ்சும் பரவாயில்லை. அடிப்பக்கத்தில் அழியாத மையில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதுங்கள். பெரும்பாலான டிஸ்க்குகள் தண்ணீரில் மூழ்கிவிடும். மிதப்பதற்கென்றே செய்த சில உண்டு, இன்னோவா நிறுவனத்தின் டிராகன், ஹைட்ரா போன்றவை. ஆற்றை ஒட்டிய ஹோல்களுக்கு அப்படி ஒன்று பையில் இருந்தால் மனம் கொஞ்சம் லேசாகும்.

அப்புறம் ஒரு துண்டு. ஆற்றோரப் புல்லில் காலையில் பனி கொட்டிக்கிடக்கும், ஈர டிஸ்க் கையிலிருந்து வழுக்கும். சேற்றில் பிடிக்கும் அடிப்பாகம் உள்ள காலணி, முட்புதருக்கு முழுக்கால்சட்டை, பூச்சி விரட்டி, குடிதண்ணீர். பை விஷயம் இவ்வளவுதான்.

ஒரு நல்ல வீச்சுக்கு

மைதானத்துக்குப் போகுமுன் வெறும் புல்வெளியில் கொஞ்சம் பழகிவிட்டுப் போங்கள். முதலில் பேக்ஹேண்ட்.

பக்கவாட்டில் நில்லுங்கள், வீசும் தோள் இலக்கைப் பார்க்கட்டும். கட்டைவிரல் டிஸ்க்கின் மேலே, மற்ற விரல்கள் கீழே. புட்டருக்கு விரல்களை அடியில் விரித்து வைக்கலாம். டிரைவருக்கு நான்கு விரல்களையும் விளிம்புக்குள் மடக்கிப் பிடிப்பது நல்லது. தோளையும் இடுப்பையும் பின்னால் திருப்பி டிஸ்க்கை நீட்டுங்கள். பிறகு மார்பை ஒட்டி நேர்கோட்டில் இழுத்து விடுங்கள். கை உடம்பைச் சுற்றி வட்டமாக வந்தால் டிஸ்க் எந்தத் திசையில் கிளம்பும் என்று சொல்லவே முடியாது. விட்டபிறகு கையைச் சட்டென்று நிறுத்தாமல் அதன் போக்கில் போக விடுங்கள்.

புதியவர்களிடம் அதிகம் காணும் கோளாறு, டிஸ்க்கின் முன் விளிம்பு மேலே தூக்கியிருப்பது. அப்படி வீசினால் டிஸ்க் உயரே ஏறி, நின்று, பக்கவாட்டில் சரியும். வெட்டவெளியில் அது காற்றுக்கு இரை. வீசும்போது மணிக்கட்டு சற்றே கீழ்நோக்கி, குவளையிலிருந்து தண்ணீர் ஊற்றுவது போன்ற கோணத்தில் இருந்தால் முன் விளிம்பு இறங்கும்.

பலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாதிப் பலத்தைவிடச் சற்றே கூடுதலாக வீசினாலே போதும். முழுப் பலத்தில் 70 மீட்டர் எங்கோ போவதைவிட, அடக்கி வீசி 50 மீட்டர் நேராகப் போவது இந்த மைதானத்தில் பலமடங்கு மேல்.

வெளி விளிம்பைத் தாழ்த்தி விடுவது ஹைசர். வலது கை பேக்ஹேண்டில் அது இடப்பக்கம் வளையும். வெளி விளிம்பை உயர்த்தி விடுவது அன்ஹைசர், அது வலப்பக்கம் வளையும். ஹைசர் சொன்ன பேச்சைக் கேட்கும், அன்ஹைசர் பழகக் கொஞ்ச காலம் பிடிக்கும். ஃபோர்ஹேண்ட் வீச்சைத் தொடக்கத்திலேயே குறுகிய தூரத்துக்காவது கற்றுக்கொள்ளுங்கள். மரங்களுக்குள் சிக்கும்போது அதுதான் கைகொடுக்கும்.

டீயில் ஏறும் முன்

ஒவ்வொரு டீ அருகிலும் ஹோலின் நீளம், பார், வழி, எல்லைக்கோடு எல்லாம் குறித்த பலகை இருப்பது வழக்கம். இல்லாவிட்டால் யூடிஸ்க் செயலியில் வரைபடம் கிடைக்கலாம். பலகையில் மூன்றைத் தேடுங்கள். ஆறு ஓபியா, அதாவது எல்லைக்கு வெளியே என்று அறிவித்திருக்கிறார்களா? எல்லை எது, தண்ணீரின் விளிம்பா, நட்டிருக்கும் முளைகளா? வெளியே போன டிஸ்க்குக்கென்று தனி வீச்சிடம் ஏதும் ஒதுக்கியிருக்கிறார்களா?

இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஆறு தானாக ஓபி ஆகிவிடாது, மைதானத்தார் அறிவித்தால்தான் ஆகும். மழைக்குப்பின் ஃபேர்வேயில், அதாவது டீக்கும் கூடைக்கும் இடையிலான ஆட்ட வழியில், தேங்கிய குட்டை ஓபி என்று அறிவிக்கப்படவில்லை என்றால் அது தற்செயல் நீர். அதில் விழுந்தால் அபராதம் இல்லாமல், கூடையிலிருந்து விலகும் திசையில் நேர் பின்னால் வந்து காய்ந்த இடத்திலிருந்து வீசலாம்.

கூடை டீயிலிருந்து தெரியவில்லை என்றால் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். சோம்பல்படாதீர்கள். வளைவுக்கு அப்பால் நடைபாதை இருக்கலாம், மீன் பிடிப்பவர் உட்கார்ந்திருக்கலாம்.

முந்தைய ஹோலில் குறைவாக எடுத்தவர் முதலில் வீசுவார். அதன்பின் கூடைக்கு அதிகத் தூரத்தில் இருப்பவர் முதலில். வீசுபவர் முன்னால் யாரும் நிற்கக் கூடாது. டீயின் முன்கோட்டைத் தாண்டாமல், சிமெண்ட் டீ இருந்தால் அதற்குள், இல்லாவிட்டால் கோட்டுக்குப் பின்னால் 3 மீட்டருக்குள் கால் இருக்கும்போது டிஸ்க் கையைவிட்டுப் போக வேண்டும். சிமெண்ட் டீ ஈரமாக இருந்தால் ஓடிவந்து வீச வேண்டாம், நின்றபடியே வீசுங்கள். முழங்கால் மிச்சமாகும்.

வெட்டவெளி ஹோல்கள்

நீளம் தெரியும், கூடை தெரியும், தடை எதுவும் இல்லை. பார்க்கச் சுலபமாகத் தோன்றும். ஆனால் ஆற்றின் மேல் காற்றைத் தடுக்க மரமோ கட்டடமோ கிடையாது. அதனால் அது ஆற்றின் போக்கிலேயே தங்குதடையின்றி வரும். டீ மரங்களுக்குப் பின்னால் மறைந்திருந்தால் அங்கே நிற்கும்போது காற்றே இல்லாததுபோல் இருக்கும். டிஸ்க் வெளியே போனதும் தூக்கும். ஆகவே டீயில் புல்லைக் கிள்ளிப் போட்டுப் பார்ப்பது மட்டும் போதாது, கூடைக்கு அருகில் உள்ள நாணலும் இலையும் எப்படி ஆடுகின்றன என்று பாருங்கள். சில கூடைகளின் உச்சியில் சிறிய துணி கட்டியிருப்பார்கள், அது இதற்குத்தான்.

எதிர்க்காற்றில் டிஸ்க்கைப் பொறுத்தவரை அதன் வேகம் கூடிவிடுகிறது. எனவே டர்ன் அதிகமாகும், மேலே எழும்பும். பலமாக வீசி ஈடுகட்டலாம் என்று நினைத்தால் இன்னும் மோசமாகும். தாழ்வாக, மெதுவாக, ஃபேட் கூடிய டிஸ்க்கை வீசுங்கள். பின்காற்றில் எல்லாம் தலைகீழ். டிஸ்க் திரும்பாது, சீக்கிரம் இறங்கும், ஃபேட் முன்கூட்டியே வரும். கொஞ்சம் உயரமாக, எளிதில் திரும்பும் டிஸ்க்கை விடலாம்.

பக்கக்காற்றுதான் ஆற்றங்கரையில் டிஸ்க்குகளை அதிகம் பறிப்பது. காற்று டிஸ்க்கின் அடிவயிற்றில் பட்டால் தூக்கிக்கொண்டு போகும், முதுகில் பட்டால் கீழே அமுக்கும். நினைவில் வைக்க ஒரே ஒரு சூழ்நிலை: நீங்கள் வலது கை பேக்ஹேண்ட், ஆறு இடப்பக்கம், காற்று வலப்பக்கமிருந்து. கடைசியில் டிஸ்க் இடப்பக்கம் சரியும்போது அதன் அடிப்பக்கம் வலப்பக்கத்துக்குத் திறந்துகொள்ளும். காற்று அதில் ஏறி நேராகத் தண்ணீருக்குள் கொண்டுபோகும். இந்த நாளில் கூடையை மறந்துவிடுங்கள். புட்டரையோ மிட்ரேஞ்சையோ எடுத்து, ஆற்றுக்கு எதிர்ப்பக்கப் புல்லைக் குறிவைத்துத் தாழ்வாக வீசுங்கள்.

ஆறு வலப்பக்கம் இருந்தால் வேறு கணக்கு. டிஸ்க் இயல்பாகவே ஆற்றைவிட்டு விலகித்தான் முடியும். அங்கே ஆபத்து, கையிலிருந்து தாமதமாக விடுபடும் வீச்சு. விரல் இறுகிப்போய்ச் சற்று நேரம் கழித்து விட்டால் டிஸ்க் ஆரம்பத்திலேயே வலப்பக்கம் கிளம்பிவிடும். ஆற்றுக்கு மேலே ஹைசரை அனுப்பித் திரும்பக் கரைக்கு வரவைக்கும் வித்தையைப் பழகியவர்கள் செய்வார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். முதல் சில ஆட்டங்களுக்கு அதைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆற்றில் விழுந்தால் கணக்கு எப்படி

இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். ஆற்றங்கரை ஆட்டத்தின் பாதிச் சண்டை இங்கேதான் வரும்.

டிஸ்க் முழுவதும் ஓபி பகுதியால் சூழப்பட்டிருந்தால்தான் அது ஓபி. எல்லைக்கோடும் வெளியேதான் சேர்த்தி. விளிம்பில் ஒரு சிறு பகுதி கோட்டைத் தாண்டி உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் டிஸ்க் உள்ளே இருப்பதாகக் கணக்கு. எல்லைக்கு மிக அருகில் நின்றால், அதிலிருந்து செங்குத்தாக 1 மீட்டர் வரை உள்ளே நகர்த்தி வைத்து ஆடலாம், அபராதம் இல்லை. வழுக்கும் கரையில் கால் வைக்க இது பெரிய உதவி.

தண்ணீரில் விழுந்த டிஸ்க் எப்போது நின்றதாகக் கணக்கு? நீரோட்டத்தால் மட்டும் நகரும் நிலைக்கு வந்த உடனே. பிறகு அது மிதந்து எங்கேயோ கரை ஒதுங்கினாலும் முடிவு மாறாது.

ஓபி ஆனால் ஒரு வீச்சு அபராதம். டீயிலிருந்து வீசியது ஒன்று, அபராதம் ஒன்று, ஆகவே அடுத்து வீசுவது மூன்றாவது வீச்சு. எங்கிருந்து? முன்பு வீசிய இடத்திலிருந்தே மறுபடி வீசலாம். அல்லது டிஸ்க் கடைசியாக எல்லைக்குள் இருந்த புள்ளியிலிருந்து 1 மீட்டர் வரை உள்ளே வந்து வீசலாம். தனி வீச்சிடம் ஒதுக்கியிருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக எல்லைக்குள் இருந்த புள்ளி என்பதைக் கவனியுங்கள். தண்ணீரில் விழுந்த இடத்துக்கு நேரே உள்ள கரை அது இல்லை. கரையைக் கடந்து காற்றில் வெளியேறிய இடம் அது. 80 மீட்டர் ஹோல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிஸ்க் டீயிலிருந்து 15 மீட்டரிலேயே கரையைத் தாண்டி, ஆற்றின் மேலேயே பறந்து, கூடைக்குப் பக்கத்தில் தண்ணீரில் விழுகிறது. இன்னொன்று நேராகப் போய் 65 மீட்டரில் கரையைத் தாண்டி விழுகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் மூழ்கியிருக்கும். அபராதமும் ஒன்றுதான். ஆனால் முதலாமவர் கூடைக்கு இன்னும் 65 மீட்டர் வீச வேண்டும், இரண்டாமவருக்கு 15 மீட்டர்தான். தவறுவதிலும் தாமதமாகத் தவறுவது மலிவு என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம். கரைக்கு இணையாக நேராகக் கிளம்பும் வீச்சு இங்கே அவ்வளவு முக்கியம்.

டிஸ்க் கரையைத் தாண்டும்போதே எல்லோரும் ஒரு மரத்தையோ கல்லையோ அடையாளம் வைத்துக்கொண்டால் வாக்குவாதம் குறையும். விழுந்ததா இல்லையா என்றே தெரியவில்லையா? மற்றவர்களிடம் சொல்லிவிட்டுத் தற்காலிகமாக ஒரு வீச்சு வீசிவைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். திரும்பி டீக்கு நடக்க வேண்டியிருக்காது.

மரங்களுக்குள்

காட்டுக்குள் நுழைந்ததும் காற்று அடங்கும். மனமும் அடங்கினால் நல்லது.

எல்லா மரங்களையும் பார்த்தால் வழியே இல்லாததுபோல் தெரியும். இடைவெளியைப் பாருங்கள். டீயிலிருந்து முதல் 20 மீட்டருக்குள் உள்ள மரங்கள்தான் உங்களைத் தீர்மானிக்கும். அந்த இடைவெளியைத் தாண்டிவிட்டால் அதற்கப்புறம் எதில் பட்டாலும் டிஸ்க் பாதி வழியாவது வந்திருக்கும். முதல் மரத்தில் பட்டுத் தெறித்தால் பின்னாலும் போகலாம். ஆகவே கூடையை நோக்கிய குறுகிய இடைவெளியைவிட, சற்றே விலகிய அகலமான இடைவெளியைத் தேர்ந்தெடுங்கள். அதன் நடுவில் தூரத்தில் தெரியும் ஒரு இலைக்கொத்தையோ மரப்பட்டையில் ஒரு தழும்பையோ குறியாக வையுங்கள்.

கூரையையும் பாருங்கள். தாழ்ந்த கிளைகள் தலைக்கு மேல் 3, 4 மீட்டரில் இருக்கும். உயர்த்தி வீசினால் அதில் மோதும். இடுப்பு உயரத்தில், சமதளமாக, புட்டரையோ மிட்ரேஞ்சையோ விடுங்கள். காட்டு ஹோலில் டிரைவரை நான் பையிலிருந்து வெளியே எடுப்பதே அபூர்வம். வேகமான டிஸ்க் மரத்தில் பட்டால் தெறிக்கும் தூரமும் அதிகம், புதருக்குள் ஆழமாகப் போகும்.

ஃபேர்வேயைவிட்டு விலகிவிட்டீர்களா? அப்போது கண்ணில் ஒரு சிறு துவாரம் தெரியும், அதன் வழியாகக் கூடையே தெரியும். வேண்டாம். பக்கவாட்டில் 10 மீட்டர் தள்ளி ஃபேர்வேக்கு வந்துவிடுங்கள். செலவு ஒரு வீச்சு. அந்தத் துவாரத்தை முயன்றால் அடுத்தடுத்து மூன்று மரத்தில் அடித்து மூன்று வீச்சு போகும் வாய்ப்பே அதிகம்.

நிற்கும் இடத்துக்கும் விதி உண்டு. கிடந்த டிஸ்க்கின் பின்னால் அல்லது அதன் முன் விளிம்பைத் தொட வைத்த சிறு அடையாளத் தட்டின் பின்னால், 20 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் நீளமும் உள்ள இடம்தான் உங்கள் நிலை. டிஸ்க்கை விடும்போது ஒரு கால் அதற்குள் ஊன்றியிருக்க வேண்டும். உடம்பின் எந்தப் பகுதியும் அடையாளத்தைத் தாண்டிக் கூடைப்பக்கம் தரையில் படக் கூடாது. மற்றொரு காலைப் பக்கவாட்டில் அகட்டி வைக்கலாம், மண்டியிடலாம். உதிர்ந்த சருகையும் ஒடிந்து கிடக்கும் குச்சியையும் நிற்குமிடத்திலிருந்து விலக்கலாம். வளர்ந்துகொண்டிருக்கும் கிளையை ஒடிக்கவோ, வளைத்துக் கட்டவோ கூடாது. முள்ளுக்குள் நிற்கவே முடியாது என்றால், கூடையிலிருந்து விலகும் திசையில் நேர்கோட்டில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பின்னால் வரலாம். அதற்கு ஒரு வீச்சு அபராதம்.

டிஸ்க் மரத்திலேயே சிக்கிக்கொண்டால் பதற வேண்டாம். அதற்கு நேர் கீழே தரையில் குறித்து ஆடலாம். 2 மீட்டருக்கு மேல் சிக்கினால் அபராதம் என்ற விதி, மைதானத்தார் அறிவித்திருந்தால் மட்டுமே பொருந்தும். எடுப்பதற்காகக் கல்லெறிவது, மரம் ஏறுவது இரண்டும் மருத்துவமனைக்கு வழி.

காணாமல் போனால் தேட 3 நிமிடம். கிடைக்காவிட்டால் ஒரு வீச்சு அபராதத்தோடு முந்தைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். இதைத் தவிர்க்க ஒருவரை முன்னால் அனுப்பி, மரத்துக்குப் பின்னால் பாதுகாப்பாக நின்று பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்க் நிற்கும்வரை கண்ணை எடுக்காதீர்கள். கோபத்தில் தலையைத் திருப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம் தேடுகிறார்கள்.

கூடைக்கு அருகில்

கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் வந்துவிட்டால், வீசியபின் நிலைதடுமாறி முன்னால் காலெடுத்து வைக்கக் கூடாது. சமநிலையில் நின்றுகாட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். டிஸ்க் கூடையின் தட்டிலோ சங்கிலியிலோ தங்க வேண்டும். உச்சியில் போய் உட்கார்ந்தால் செல்லாது.

கரையோரத்தில், கூடைக்குப் பின்னால் ஆறு இருக்கும்படி வைப்பது மைதானம் அமைப்பவர்களுக்குப் பிடித்த குறும்பு. சரிவு வேறு சேர்ந்துகொண்டால், சங்கிலியில் படாமல் தரையில் விளிம்பால் குத்திய டிஸ்க் சக்கரமாக உருண்டு ஆற்றைத் தேடிப் போகும். எதிர்க்காற்றில் புட், அதாவது கூடைக்குள் போடும் வீச்சு, மேலே எழும்பித் தாண்டிவிடும். 5 மீட்டருக்குள் என்றால் துணிந்து போடுங்கள். 8 மீட்டருக்கு மேல், பின்னால் தண்ணீர், காற்றும் இருக்கிறது என்றால் கூடைக்கு முன்னால் தட்டையாகப் போட்டுவிட்டு அடுத்த வீச்சில் முடிப்பதுதான் என் பரிந்துரை. இயன்றவரை ஆற்றுக்கு இணையாக நின்று போடும்படி, இரண்டாவது வீச்சிலேயே நல்ல கோணத்துக்கு வந்துவிடுவது இன்னும் நல்லது.

சேர்ந்து ஆடினால்

இருவர் இருவராகப் பிரிந்து, இருவரும் வீசி, நன்றாக விழுந்த டிஸ்க்கிலிருந்தே இருவரும் அடுத்து வீசும் முறை புதியவர்களுக்கு மிகப் பொருத்தம். முதலாமவர் பத்திரமாக ஒன்றைப் புல்லில் போட்டுவிட்டால், இரண்டாமவர் ஆற்றோரத்தைத் துணிந்து முயலலாம். 18 ஹோல் முடிக்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். பின்னால் வேகமாக ஆடும் குழு வந்தால் வழிவிடுங்கள்.

ஆற்றோரப் பூங்கா உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. நடப்பவர், சைக்கிள், நாய், குழந்தை, படகு எல்லாம் வரும். அவர்கள் கடந்து போகும்வரை காத்திருங்கள், "பரவாயில்லை, வீசுங்கள்" என்று அவர்களே சொன்னாலும். டிஸ்க் யாரையாவது நோக்கிப் போனால் "ஃபோர்!" என்று உரக்கக் கத்துவது வழக்கம், கூச்சப்படாமல் கத்துங்கள். இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்துங்கள். வெட்டவெளியும் ஆபத்து, மரத்தடியும் ஆபத்து. கட்டடத்துக்கோ மூடிய காருக்கோ போய்விடுங்கள்.

ஆற்றில் போன டிஸ்க்கை எடுப்பது

கரையிலிருந்து எட்டினால் எடுக்கலாம். நீள்கம்போ, கயிற்றில் கட்டிய வளைந்த கம்பியோ கொண்டு இழுக்கலாம். கண்கூச்சத்தைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி போட்டால் தெளிந்த நீரின் அடி தெரியும். தண்ணீருக்குள் இறங்குவது தனிக் கதை. வெள்ளம் அரித்த கரை மேலே புல்லோடு திடமாகத் தெரியும், அடியில் மண்ணே இருக்காது, விளிம்பில் கால் வைத்ததும் சரியும். முழங்கால் உயர நீரானாலும் வேகமாக ஓடினால் ஆளைத் தள்ளும். கலங்கிய நீரில் ஆழம் தெரியாது, மூழ்கிய மரக்கிளைகளில் கால் சிக்கும். தனியாக இருந்தால், நீர் ஓடிக்கொண்டிருந்தால், குளிராக இருந்தால் இறங்க வேண்டாம். டிஸ்க் கடையில் கிடைக்கும்.

கோடையில் நீர் வற்றியதும் கற்களுக்கும் மணலுக்கும் நடுவே பழைய டிஸ்க்குகள் தலைகாட்டும். எண் எழுதியிருந்தால் உரியவரை அழைத்துச் சொல்லுங்கள், உங்கள் டிஸ்க்கும் அப்படித்தான் திரும்பி வரும். எண் இல்லாதவற்றைப் போட முதல் டீ பக்கத்திலோ அறிவிப்புப் பலகையின் கீழோ சில மைதானங்களில் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள்.